செலவுத் திட்டம்: வாடகைக் காரில் ஐந்து நாட் சுற்றுப் பயணம்

'செலவு' என்னும் சொல் தமிழிலே இரு பொருள் தருவது. செல்லுதலும் செலவு, பொருளைச் செலவிடுதலும் செலவு. முற்காலத்தே முன்னைய பொருள் பெருவழக்காய் இருந்தது; இன்று பின்னையதே நிலைத்துவிட்டது. எனினும் விடுமுறைப் பயணம் ஒன்றுக்கு ஆயத்தஞ் செய்வார்க்கு இவ்விரு பொருளும் ஒன்றாகவே வந்து சேரும். வழியும் பணமும் ஒருங்கு கணக்கிடப்படாவிடின் பயணம் இன்பந் தருவதற்கு மாறாக இளைப்பையே தரும்.

வழி அறிந்தார் ஒருவர் வழி அறியாதார்க்குப் பயணத் திட்டம் வகுத்துக் கொடுக்கும் மரபு தமிழர்க்குப் புதிதன்று. ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையே அதற்குச் சான்றாகும். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுக்கள் இவ்வகையின. சிறுபாணாற்றுப்படை எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என ஊர்களை வரிசைப்படுத்தி, ஒவ்வோரூரிலும் பெறத்தக்க உணவு யாதெனவும் கூறுகின்றது. மலைபடுகடாமோ வழியின் இடர்களை விரித்துரைக்கின்றது. தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல், பாம்பு உறையும் குழி, வழுக்கும் பாறை என ஒவ்வொன்றையும் சுட்டி, பொழுது பட்டபின் நடவாது மலைமுழையிலே தங்கி விடிந்தபின் செல்லுக என்று அறிவுறுத்துகின்றது. செல்லும் திசை, தங்கும் இடம், உண்ணும் உணவு, அஞ்சத்தக்க இடம், நடக்கத்தக்க பொழுது என்னும் ஐந்தும் அந்நூல்களிலே உள்ளன. நடையாகச் சென்ற கூத்தர்க்கும் பாணர்க்கும் வேண்டியிருந்த இவ்வைந்தும் காரிலே செல்லும் இக்காலத்தார்க்கும் வேண்டியனவேயாம்.

ஆயினும் இக்காலத்திலே பயணத் திட்டம் என்றதும் பலர் செய்வது யாதெனின், காணவேண்டிய இடங்களின் பெயர்களைத் தாளிலே நிரல்பட எழுதுதலேயாகும். பட்டியல் நீளுந்தோறும் திட்டம் சிறப்பதாக எண்ணுவர். நாடு சிறியது, வீதியோ நல்லது, ஆகவே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்பது அவர்தம் துணிபு. இத்துணிபே பெரும்பாலான பயணங்களைக் கெடுப்பது. இலங்கையிலே ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரமே. மாலை ஆறு, ஆறரை மணியளவில் ஞாயிறு மறைந்ததும் இருள் விரைந்து சூழும். எனவே பயணத்தை அளக்கும் கோல் கிலோமீற்றருமன்று, ரூபாவுமன்று, பகலொளியே ஆகும். அன்றைய வெளிச்சத்துக்குள் எவ்வளவு அமையுமோ அவ்வளவே அன்றைய பயணம். எஞ்சியதை விட்டுவிடுதலே திட்டமிடுவோன் கற்கவேண்டிய முதற் பாடம்.

முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களிலே மடமும், கேணியும், சுமைதாங்கியும், ஆவுரோஞ்சிக் கல்லும் ஒருங்கமைந்த இடங்கள் இன்றும் காணப்படுகின்றன. நடப்பவனும் அவன் சுமையும் அவன் மாடும் களைக்கும் இடம் எதுவென அறிந்து அமைத்தவை அவை. பருத்தித்துறையிலுள்ள தெருமூடிமடம் தெருவின்மேலேயே கூரை பரப்பி, இருபுறமும் திண்ணை கொண்டு நிற்கின்றது. பின்னர் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் தத்தம் உத்தியோகத்தர் சுற்றுப் பயணஞ் செய்யும்போது தங்குதற்கென வாடிவீடுகளை அமைத்தனர். குதிரையும் மாட்டு வண்டியும் ஒரு நாளிலே கடக்கக்கூடிய தூரம் அவற்றின் அமைவிலே கருதப்பட்டது. காரின் வேகம் அவ்வெல்லையை அழித்துவிட்டது போலத் தோன்றும். ஆயினும் காரினுள் இருக்கும் மனிதன் களைக்கும் எல்லை பெரிதும் மாறவில்லை.

இக்கருத்தை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்கலாம். கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் கனடாவிலிருந்து மூன்று வாரத்துக்கு ஊர் திரும்பியிருக்கிறார் எனக் கொள்வோம். உடன் மனைவியும் இரு பிள்ளைகளும் உளர். வீட்டிலே எழுபது வயது கடந்த தாயாரும் உளர். ஐந்து நாள்களில் எல்லாருமாக ஒரு சுற்றுப் பயணம் செல்ல விரும்புகின்றனர். யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டுத் திருக்கோணமலையை அடைந்து, பொலனறுவை வழியாக மன்னாருக்குச் சென்று, திருக்கேதீச்சரத்தை வழிபட்டுப் பூநகரி வழியாக மீளுதல் அவர் எண்ணம். ஈழத்திலே தேவாரப் பாடல் பெற்ற இரு தலங்களையும், இடையிலே சோழர் எடுப்பித்த சிவன் கோயிலையும் இணைக்கும் வட்டம் இது. செல்லும் வழியும் மீளும் வழியும் வெவ்வேறாதலால் கண்டதையே மீண்டுங் காணும் சலிப்பும் இல்லை.

முதலில் ஆராயவேண்டியது பருவம். வடகீழ்ப் பருவமழை பெய்யும் காலத்தில், சிறப்பாக நவம்பர், டிசெம்பர் மாதங்களில், கீழ்க்கரை மழையில் நனையும், கடலும் கொந்தளிக்கும். மே முதல் செப்டெம்பர் வரை திருக்கோணமலைக் கடல் அமைதியாயிருக்கும். வெளிநாட்டிலிருந்து வருவார்க்கும் உள்ளூர்ப் பாடசாலைகளுக்கும் ஓகஸ்ட் மாதம் விடுமுறையாய் அமைதலின் அம்மாதம் பொருந்தும். ஆனால் ஓகஸ்ட் 15ஆந் திகதி மடு மாதா திருவிழா. அதனையொட்டிய நாள்களில் மதவாச்சி - மன்னார் வீதியும் அயலிலுள்ள விடுதிகளும் நிறைந்திருக்கும். நல்லூர்த் திருவிழாவும் ஆடி, ஆவணியிலேயே வரும். யூன் மாதத்துப் பொசன் நோன்மதியன்று அனுராதபுரமும் மிகிந்தலையும் யாத்திரிகரால் நிறையும். ஆகவே நாட்காட்டியையும் பஞ்சாங்கத்தையும் ஒருங்கு வைத்துப் பார்த்தே புறப்படும் நாளைக் குறிக்கவேண்டும்.

இனி வழிக் கணக்கு. நகரமும் சந்தியும் கால்நடையும் முச்சக்கர வண்டியும் இடைப்படும் வீதிகளிலே குடும்பத்தோடு செல்லும் கார் மணிக்குச் சராசரி 45 கிலோமீற்றர் செல்லும் எனக் கொள்ளுதல் தகும். நகர்ப் பகுதிகளில் காருக்கு விதிக்கப்பட்ட உச்ச வேகம் மணிக்கு 50 கிலோமீற்றர். பிற இடங்களில் 70 ஆகும். எழுபதையே சராசரியாகக் கொண்டு கணக்கிடுவோன் முதல் நாளிலேயே தோல்வியுறுவான்.

முதல் நாள் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதி வழியே வவுனியா சென்று, அங்கிருந்து ஹொரவப்பொத்தானை வழியாகத் திருக்கோணமலையை அடைதல். தூரம் ஏறத்தாழ 240 கிலோமீற்றர். ஓட்டம் ஐந்தரை மணி நேரம். ஓய்வு இரண்டரை மணி நேரம். காலை 6 மணிக்குப் புறப்பட்டால் பிற்பகல் 2 மணிக்குச் சேரலாம். ஆனையிறவைக் கடந்து கிளிநொச்சிக்கு அப்பால் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் வண்டிகள் நின்று செல்லுதல் நெடுங்கால வழக்கம். தேங்காய் உடைத்து, கர்ப்பூரங் கொளுத்தி, கச்சான் வாங்கிக்கொண்டே சாரதிமார் மேற்செல்வர். நெடுந்தூரம் ஓட்டுவோன் இடையிலே இறங்கிக் கால் நீட்டவேண்டும் என்னும் நல்விதி இங்கே பக்தியின் பெயரால் தவறாது காக்கப்பட்டு வருகின்றது. காலை உணவையும் அங்கேயே முடித்தல் நன்று.

இவ்வீதியைப் பற்றி மேலும் ஒன்று கூறல் வேண்டும். 1990 முதல் 2002 வரையும், மீண்டும் 2006 முதல் 2009 வரையும் இது பொதுமக்கள் போக்குவரத்துக்கு மூடப்பட்டுக் கிடந்தது. ஆனையிறவில் நின்று கடலேரியைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு அது விரிந்த நீர்ப்பரப்பு மட்டுமே. பாட்டியாருக்கோ இடம்பெயர்ந்து சென்ற நாளும், திரும்பிவராதோர் முகமும் அங்கே தோன்றக்கூடும். அவர் அவ்விடத்திலே காரை நிறுத்தச் சொன்னால் நிறுத்துதற்கு நேரம் இருக்கவேண்டும். அந்த அரைமணி நேரம் எந்தப் பட்டியலிலும் எழுதப்படுவதன்று; ஆயினும் பேரப்பிள்ளைகள் பின்னாளில் நினைவிற்கொள்வது அதனையே ஆகலாம். திட்டத்திலே இடைவெளி விடுதல் சோம்பலன்று, முன்யோசனையே.

இரண்டாம் நாள் நெடும்பயணம் கூடாது. திருக்கோணமலையிலேயே தங்குதல் வேண்டும். கன்னியா வெந்நீர்க் கிணறுகளும் நிலாவெளிக் கடற்கரையும் அண்மையிலேயே உள்ளன. காலையில் இவற்றைக் கண்டு, நடுப்பகலில் ஓய்ந்து, மாலையிலே கோணேசர் கோயிலுக்குச் செல்லலாம். கோயில் கோட்டையினுள்ளே, கடலை நோக்கிய குன்றின்மேல் உள்ளது. கோட்டையிலே மான்கள் மனிதர்க்கு அஞ்சாது திரியும். ஏற்றம் உண்டாதலின் முதியோர் வெயில் தணிந்தபின் செல்லுதல் நலம்.

மூன்றாம் நாள் காலை 7 மணிக்குப் புறப்பட்டு, கந்தளாய், ஹபறணை வழியாக ஏறத்தாழ 130 கிலோமீற்றர் சென்று, முற்பகலிலேயே பொலனறுவையை அடையலாம். நடுப்பகல் வெயிலிலே கருங்கல்லும் செங்கல்லும் கொதிக்கும். ஆகவே பிற்பகல் 3 மணிக்குப் பின்னரே இடிபாடுகளைக் காணச் செல்லவேண்டும். சோழர் ஆட்சியிலே சனநாதமங்கலம் எனப்பட்ட நகரம் இது. வானவன்மாதேவி ஈச்சரம் எனக் கல்வெட்டுக் கூறும் கோயில் முழுவதும் கருங்கல்லாற் கட்டப்பட்டுச் சிறிதாயினும் செவ்விதாய் நிற்கின்றது. இராசராசனின் தேவியும் இராசேந்திரனின் தாயுமாகிய வானவன்மாதேவியின் பெயரைத் தாங்கியது அது. பொலனறுவையிலே கிடைத்த சைவத் திருவுருவங்கள் பல கொழும்பு அரும்பொருட்சாலையில் வைக்கப்பட்டுள்ளன என்பதையும் பிள்ளைகளுக்கு முன்னரே சொல்லி வைத்தால், மற்றொரு பயணத்துக்கு அது வித்தாகும்.

நான்காம் நாள் மீண்டும் நீண்ட நாள். ஹபறணை, மரதன்கடவல, மிகிந்தலை, மதவாச்சி வழியாக மன்னார் வரை ஏறத்தாழ 215 கிலோமீற்றர். காலை 6.30 மணிக்குப் புறப்பட்டால், ஓய்வும் சேர, பிற்பகல் 1.30 மணிக்குச் சேரலாம். மாலையில் மன்னார்க் கோட்டையையும், பள்ளிமுனையிலுள்ள பெரும் பெருக்க மரத்தையும் காணலாம். ஐந்தாம் நாள் காலை மாந்தையிலே பாலாவிக் கரையில் திருக்கேதீச்சர வழிபாடு. பின்னர் வெள்ளாங்குளம், பூநகரி வழியாகச் சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து, நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தூரத்தில் யாழ்ப்பாணம். முன்னாளிலே பாதையில் ஏறிக் கடந்த அந்நீர்ப்பரப்பின்மீது 2011ஆம் ஆண்டு சனவரியில் பாலம் திறக்கப்பட்டது. இதனால் மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்குமிடையே வவுனியாவைச் சுற்றிச் செல்லும் நெடுவழி தவிர்க்கப்பட்டது.

இத்திட்டத்தை நோக்குவார் ஒருவர், "ஹபறணை வரை சென்றும் சிகிரியா இல்லையா? தம்புள்ளை இல்லையா? மிகிந்தலையைக் கடந்தும் அனுராதபுரம் இல்லையா?" என வினவலாம். இல்லை என்பதே விடை. அனுராதபுரத்தைச் செவ்வையாகக் காண ஒரு முழு நாள் வேண்டும். சிகிரியாவின் படிகளை எழுபது வயதுத் தாயார் ஏறல் அரிது. அவரைக் கீழே தனியே இருத்திவிட்டுப் பிறர் ஏறுதல் முறையன்று. இம்மூன்றையும் சேர்த்தால் இரண்டாம் நாளின் ஓய்வு போய்விடும். நான்காம் நாள் இருளிலே மன்னார் வீதியில் ஓடவேண்டி நேரும். மூத்தோர் "களைத்துப்போனேன்" என வாய்திறந்து கூறார். மகனின் உற்சாகத்தைக் கெடுக்க அவர்க்கு மனம் வராது. அவர் கூறாததை அறிந்து திட்டத்திலே எழுதுதல் மகனின் கடனாகும்.

அடுத்து, கார். வாடகைக் கார் இருவகைப்படும்: சாரதியோடு பெறுவது, தாமே ஓட்டப் பெறுவது. தாமே ஓட்ட விரும்பும் வெளிநாட்டார் தம் நாட்டு அனுமதிப்பத்திரமோ சர்வதேசப் பத்திரமோ ஒன்றே போதும் என எண்ணுதல் தவறு. சர்வதேசப் பத்திரத்துக்கு இலங்கை மோட்டார்ச் சங்கத்தின் அங்கீகாரம் பெறவேண்டும். அன்றேல் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தின் தற்காலிக அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். சுற்றுலா வருவார்க்கு இதனை வழங்குதற்கெனக் கட்டுநாயக்க விமான நிலையத்திலே 2025ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒரு கருமபீடம் திறக்கப்பட்டது. விதிகள் மாறுந் தன்மையன ஆதலின், புறப்படுமுன் திணைக்களத்திலே கேட்டறிதல் இன்றியமையாதது. உரிய பத்திரமின்றி ஓட்டுவோன் விபத்து நேர்ந்தால் காப்புறுதியையும் இழப்பான்.

கனடாவிலே வாகனம் வீதியின் வலப்புறஞ் செல்லும்; இங்கே இடப்புறம். பதினைந்து, இருபது ஆண்டு வலப்புறம் ஓட்டிய கை, மனம் அயர்ந்தபோது பழைய பக்கத்தையே நாடும். நேரான வீதியில் இத்தவறு தோன்றாது. எரிபொருள் நிலையத்தை விட்டு வெளியேறும்போதும், வெறிச்சோடிய சந்தியிலே திரும்பும்போதும், சுற்றுவட்டத்தை அணுகும்போதுமே தோன்றும். ஆகவே புறப்படுதற்கு இரண்டு நாள் முன்னதாகவே காரைப் பெற்று ஊர்த்தெருக்களில் ஓட்டிப் பழகுதல் வேண்டும். பக்கத்திலிருப்பவர் ஒவ்வொரு திருப்பத்திலும் "இடப்பக்கம்" என நினைவூட்டுதலும் நன்று. இதற்கு மனந் துணியாதார் சாரதியோடு கார் பெறுதலே அறிவுடைமை. அதனால் இழிவு யாதுமில்லை. அவ்வாறாயின் சாரதி உண்பதற்கும் உறங்குவதற்கும் ஏற்ற இடம் விடுதியிலே உண்டா என முன்னரே கேட்டுவைக்கவேண்டும். இரவிலே நன்கு உறங்காத சாரதியிடம் ஐந்து உயிர்களை ஒப்படைத்தல் பெரும் பிழை.

ஒப்பந்தப் பத்திரத்தில் முதலாவதாக நோக்கவேண்டியது நாளொன்றுக்கு அனுமதிக்கப்பட்ட தூரம். நாளுக்கு 100 கிலோமீற்றர் என்பது பலவிடத்துங் காணப்படும் எல்லை. மேற்கூறிய வட்டம் 700 கிலோமீற்றர். உள்ளூர் ஓட்டம் 100 சேர்ந்தால் 800. ஐந்து நாளுக்கு அனுமதி 500 ஆயின், எஞ்சிய 300 கிலோமீற்றருக்கும் மேலதிகக் கட்டணம் உண்டு. நாள் வாடகை குறைந்த கார் இக்கணக்கிலே விலை கூடியதாக மாறலாம். ஆகவே இரண்டு மூன்று இடங்களிலே கேட்கும்போது "800 கிலோமீற்றருக்கு மொத்தம் எவ்வளவு?" என்றே கேட்டல் வேண்டும். இரண்டாவது, காப்புறுதி. விபத்து நேரின் வாடகைக்குப் பெற்றவர் தாமே பொறுக்கவேண்டிய தொகை எவ்வளவு, ரயரும் கண்ணாடியும் அதனுள் அடங்குமா, பத்திரத்திலே எழுதப்படாத இரண்டாவது சாரதி ஓட்டலாமா என்பவற்றை வாய்ச்சொல்லாக அன்றி எழுத்திலே பெறவேண்டும். மூன்றாவது, வைப்புப்பணம் மீளும் முறை.

காரை ஏற்கும்போது பகல் வெளிச்சத்திலே சுற்றிப் பார்த்து, உள்ள கீறல்களையும் நசிவுகளையும் கொடுப்பவர் முன்னிலையிலேயே படம்பிடித்து வைத்துக்கொண்டால் பின்னர் வழக்கு எழாது. நான்கு சில்லுகளையும் பார்ப்பவர் ஐந்தாவதை மறந்துவிடுவர். மேலதிகச் சில்லில் காற்றுண்டா, அதனை மாற்றும் கருவிகள் உண்டா எனத் திறந்தே பார்க்கவேண்டும். முன்விளக்கு, பிறேக், மழைத்துடைப்பான், ஆசனப்பட்டி என்பவற்றைச் சோதித்து, வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதிப் பத்திரமும் காலாவதியாகாமை காணவேண்டும். எரிபொருள் எவ்வளவு இருந்தது என்பதைக் குறித்து வைத்து, அவ்வளவோடு திருப்பிக் கொடுத்தலே வழக்கு. லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் காருக்கு இப்பயணத்தில் ஏறத்தாழ 67 லீற்றர் வேண்டும். 75 எனக் கணக்கிடுதல் காப்பானது. 2022ஆம் ஆண்டின் எரிபொருட் தட்டுப்பாட்டைக் கண்டவர்க்கு, தாங்கி பாதியாகும்போதே நிரப்பிக்கொள்ளும் பழக்கத்தைக் கற்பிக்க வேண்டியதில்லை. வவுனியா, திருக்கோணமலை, மன்னார் ஆகிய நகரங்களை விட்டு நீங்குமுன் நிரப்புதல் போதியது.

மூன்றாவது, தங்குமிடம். விருந்தினர் விடுதி என்பது பெரும்பாலும் ஒரு குடும்பத்தார் தம் இல்லத்தின் ஒரு பகுதியையோ அயலிலுள்ள சில அறைகளையோ வாடகைக்கு விடுவதாகும். பெரிய ஹோட்டலிலே கிடைக்கும் வசதி சில அங்கே இராது. ஆனால் அங்கே கிடைக்கும் செய்தி பெரிய ஹோட்டலிலே கிடையாது. எந்த வீதி திருத்தப்படுகிறது, எந்தப் பாலத்தின்மேல் நீர் பாய்கிறது, நேற்றிரவு யானை எங்கே நின்றது என்பவற்றை அவ்வீட்டார் அறிவர். அதனால் மாலையிலே அவரோடு பத்து நிமிடம் உரையாடுதலும் பயணத் திட்டத்தின் ஒரு பகுதியே எனலாம்.

விடுதியைத் தெரியும்போது படத்தை மட்டும் நம்பலாகாது. நேரே தொலைபேசியிற் பேசிச் சிலவற்றைக் கேட்கவேண்டும். முதியவர்க்குக் கீழ்த்தளத்து அறை உண்டா? குளியலறையிலே படி உண்டா? கார் படலைக்குள்ளே நிறுத்த இடமுண்டா? சைவ உணவு வேறு பாத்திரத்திலே சமைத்துத் தர இயலுமா? காலை 6 மணிக்குப் புறப்படுவார்க்கு உணவு பொதி செய்து தருவரா? சொன்ன விலை அறைக்கா, ஆளுக்கா? வராதுவிட்டால் முற்பணம் மீளுமா? இவ்வேழு வினாவுக்கும் பொறுமையோடு விடை தரும் வீட்டார் வந்தபின்னும் நன்றாகவே நடத்துவர் என நம்பலாம். நான்கு இரவுக்கும் இடம் முன்னரே உறுதி செய்யப்படவேண்டும். திருக்கோணமலையில் இரண்டு இரவும் ஒரே விடுதியில் தங்குதல் நன்று. நாள்தோறும் பெட்டி கட்டி அவிழ்த்தல் பெண்களின் விடுமுறையைப் பறித்துவிடும். உடுப்புக் கழுவி உலர்த்தவும் அவ்விரண்டாம் நாள் உதவும்.

வழியின் இடர்களுள் தலையாயது இருள். ஹபறணை - திருக்கோணமலை வீதியும், மின்னேரியாவை ஊடறுத்துச் செல்லும் பொலனறுவை வீதியும் யானைகள் கடக்கும் வீதிகள். மின்னேரியாக் குளத்து நீர் வற்றி, கரையிலே புல் தளிர்க்கும் ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் அவை கூட்டங் கூட்டமாக அங்கே சேரும். கருநிற விலங்கு இருளிலே முன்விளக்கின் ஒளிக்கும் எளிதிற் புலப்படாது. பகலிலே கண்டாலும் தூர நின்று, ஒலி எழுப்பாது, அது விலகும்வரை பொறுத்தல் வேண்டும். உணவு எறிந்து பழக்குதல் அதற்கும் பின்வருவார்க்கும் கேடு. வன்னியிலே மாடுகள் மாலையில் சூடு தணியாத தார் வீதியிலேயே படுத்துக்கொள்ளும். விளக்கில்லாத துவிச்சக்கர வண்டியும் உழவு இயந்திரமும் எதிர்ப்படும். போர் நடந்த நிலங்களில் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை காணப்படின் வீதியை விட்டு ஓரடியும் இறங்கலாகாது.

இவையனைத்துக்கும் எளிய காப்பு ஒன்றுண்டு. ஒவ்வொரு நாளும் மாலை 4 மணிக்கு முன் விடுதியை அடையுமாறு திட்டமிடுதலே அது. சில்லுக் காற்றுப் போயினும், வழி தவறினும், பிள்ளைக்கு வாந்தி வரினும், ஞாயிறு மறையுமுன் இரண்டு மணி நேரம் கையிலே இருக்கும். அவ்விரண்டு மணி நேரமே உண்மையான காப்புறுதி. இதற்கு மேலும் இடர் வந்தால் 1990 என்னும் எண்ணில் இலவச நோயாளர் வண்டிச் சேவையையும், 119 என்னும் எண்ணிற் பொலிசாரையும் அழைக்கலாம். முதியவர் உண்ணும் மருந்தின் பெயரும் அளவும் எழுதிய தாளொன்று காரின் முன்பெட்டியில் இருக்கவேண்டும்.

பணக் கணக்கை ஆறு தலைப்பில் எழுதலாம்: காரின் வாடகை, மேலதிகத் தூரக் கட்டணம், எரிபொருள், தங்குமிடம், உணவு, நுழைவுச் சீட்டு. இறுதியதிலே பலர் தவறுவர். தொல்பொருள் இடங்களிலே இலங்கைக் குடிமக்களுக்கு ஒரு கட்டணமும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உடையார்க்குப் பன்மடங்கு கூடிய கட்டணமும் அறவிடப்படுகின்றன. பாட்டியாருக்குச் சிறுதொகை, பேரப்பிள்ளைகளுக்குப் பெருந்தொகை. வாயிலிலே நின்று இதனை முதன்முறை அறிவோர் முகஞ்சுளித்துத் திரும்புதலும் உண்டு. முன்னரே கணக்கில் எழுதியவர்க்கு அவ்வருத்தம் இராது. ஆறு தலைப்பையுங் கூட்டி, அதன் பத்திலொரு பங்கை எதிர்பாராச் செலவுக்கெனத் தனியே வைத்தல் வேண்டும். அஃது எஞ்சுமாயின் ஐந்தாம் நாள் வீட்டுக்கு மீளும் வழியிலே பிள்ளைகள் கேட்டதை வாங்கிக் கொடுக்கலாம்.

தொல்காப்பியர் அகத்திணையிலே 'செலவழுங்கல்' என ஒன்று கூறுவர். புறப்பட எண்ணிய தலைவன் தலைவியின் வருத்தங் கண்டு செலவைத் தவிர்ந்து நிற்றல் அது. அது செல்லாமையன்று, அவளை ஆற்றுவித்தற் பொருட்டு நிகழ்வது என்பது இலக்கணம். குடும்பப் பயணத்திலும் இதற்கு இடமுண்டு. நான்காம் நாட் காலை தாயாரின் கால் வீங்கியிருந்தால், மன்னாரை விட்டு வவுனியா வழியாக நேரே வீடு திரும்புதற்கும் திட்டத்திலே இடமிருத்தல் வேண்டும். திருஞானசம்பந்தர் கோணமலையையும் கேதீச்சரத்தையும் இராமேச்சரத்திலிருந்தே பாடினார் என்பது மரபு. ஆதலின் காணாது விடப்பட்ட தலம் கைவிடப்பட்ட தலம் ஆகாது. அடுத்த விடுமுறைக்கென வைக்கப்பட்ட தலமே ஆகும். சென்றவர் எல்லாரும் நலமாக, பகல் வெளிச்சத்திலே, ஒருவரோடொருவர் மனங்கோணாது வீட்டுப் படலையைத் திறந்தனராயின் அத்திட்டமே சிறந்த திட்டம்.